மேஸ்ஹவ் மேடும் நான் தப்பாக நடத்திய பாடமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். குறிப்பாக என்னிடம் ஆறாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் வந்திருக்கிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன மாதம் மாப்பிள்ளை நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, "மாமா, நீங்க சரித்திரம் நடத்தினவரு. உங்களை ஆர்க்னி தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஸ்காட்லாந்தின் வடக்கு முனைக்கும் வடக்கே, கடலுக்குள் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ எழுபது தீவுகளின் கூட்டம் ஆர்க்னி. அவற்றில் இருபது தீவுகளில்தான் மக்கள் வசிக்கிறார்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 22,000. நம்மூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சிக்கே அவ்வளவு பேர் இருப்பார்கள்.

ஸ்கிராப்ஸ்டர் என்ற சிறு துறைமுகத்தில் காரோடு கப்பலில் ஏறினோம். ஒன்றரை மணி நேரப் பயணம். வழியில் ஹாய் தீவின் ஓரமாகக் கடலுக்குள் தனியாக நிற்கும் 137 மீட்டர் உயரப் பாறைத் தூணைக் காட்டினார்கள். ஸ்ட்ராம்னஸ் ஊரில் இறங்கும்போது காற்று ஆளைத் தள்ளியது. மரம் என்று சொல்ல அங்கே அதிகம் எதுவும் இல்லை. எங்கு பார்த்தாலும் புல், மாடு, ஆடு, தண்ணீர். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

மறுநாள் காலை மேஸ்ஹவ் என்ற இடத்துக்குப் போனோம். 'ஹவ்' என்றால் அந்த ஊர்ப் பழைய மொழியில் மேடு. முன்பதிவு செய்தவர்களை ஓர் இடத்தில் சேர்த்து, சிறு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், வழிகாட்டியோடு உள்ளே அனுப்புகிறார்கள். இறங்கிப் பார்த்தால் வயல்வெளிக்கு நடுவே ஒரு பச்சை மேடு. 35 மீட்டர் குறுக்களவு, 7 மீட்டர் உயரம். சுற்றிலும் ஓர் அகழி. மேலெல்லாம் புல். அவ்வளவுதான்.

என் மனைவி என் காதோரம், "ஏங்க, இந்த மண்மேட்டைப் பார்க்கவா கப்பல் ஏறி வந்தோம்?" என்றாள். நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தென்மேற்குப் பக்கம் ஒரு சிறு வாசல். உள்ளே சுமார் 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் சந்து. நிமிர்ந்து நடக்க முடியாது. "மாமா, தலையை நல்லாக் குனிஞ்சுக்கோங்க" என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். முழங்கால் வலியோடு குனிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கைக்கு இணைப்பே தட்டுப்படவில்லை. அந்தச் சுவர் அடுக்கிக் கட்டியதல்ல. 5 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒற்றைப் பலகைக்கல்! சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, செம்புகூட இல்லாத காலத்தில் அதைப் பெயர்த்து, இழுத்து வந்து, மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

சந்து முடிந்ததும் நிமிர்ந்தேன். சதுரமான ஓர் அறை. ஒரு பக்கம் 4.6 மீட்டர். நான்கு மூலைகளிலும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கற்கள். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லை அடுக்கியே எழுப்பியிருக்கிறார்கள். மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, நான்கு பக்கமும் மேலே ஒன்றையொன்று நெருங்கி வரும்படி கூரை போட்டிருக்கிறார்கள். இந்த ஊர்க் கல் நம் அடுப்படி மேடைக்குப் போடும் கடப்பாக் கல் மாதிரி பலகை பலகையாகப் பிளக்கும். அந்தக் குணத்தைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் கட்டிய கட்டடம் இது. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் என் மூக்குக் கண்ணாடியின் காதைக்கூட நுழைக்க முடியாது போலிருந்தது.

இது கட்டப்பட்டது கி.மு. 2800 வாக்கில் என்கிறார்கள். எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

மூன்று சுவர்களிலும் தரைக்கு மேலே ஒவ்வொரு பொந்து வாசல். உள்ளே சிறு அறைகள். இறந்தவர்களின் எலும்புகளை வைத்த இடங்களாக இருக்க வேண்டும். அவற்றை அடைத்த கற்கள் இன்றும் கீழே தரையில் கிடக்கின்றன. ஆனால், வழிகாட்டிப் பெண்மணி இன்னொன்றையும் சொன்னார். முக்கிய வாசலை அடைக்கும் பெரிய கல்லுக்கென்று சந்துச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. அந்தக் கல்லை உள்ளே இருந்தபடியே இழுத்து வாசலை மூட முடியும். செத்தவர்கள் கதவைச் சாத்த மாட்டார்கள். ஆகவே உயிரோடு இருந்தவர்கள் உள்ளே வந்து, கதவை மூடிக்கொண்டு, ஏதோ சடங்கு செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பிறகு அவர் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, சந்து வழியாகக் கை விளக்கொளி மட்டும் பின்சுவரில் விழும்படி காட்டினார். அது எதற்கென்றால், ஆர்க்னியில் டிசம்பர் மாதத்தில் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21-ஐ ஒட்டி, முன்னும் பின்னுமாகச் சில வாரங்களுக்கு, ஹாய் தீவின் மலைகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியனின் ஒளி இந்தச் சந்துக்குள் நேராக நுழைந்து பின்சுவரைத் தொடுகிறது. ஆண்டு முழுக்க இருட்டாகக் கிடக்கும் அறைக்கு, இருட்டு மிகுந்த நாட்களில் மட்டும் வெளிச்சம் வருகிறது. அதற்கு மேல் பகல் சுருங்காது, இனி வளரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பல ஆண்டுகள் சூரியனைப் பார்த்து, குறித்துவைத்து, அதற்கேற்ப வாசலின் திசையைத் தீர்மானிக்காமல் இப்படிக் கட்ட முடியாது.

நான் அந்த இருட்டில் நின்றுகொண்டு என் கரும்பலகையை நினைத்துக்கொண்டேன். அதற்கு வருகிறேன்.

இந்த மேட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. கட்டி நாலாயிரம் ஆண்டு கழித்து, கி.பி. 12-ஆம் நூற்றாண்டில், நார்வே நாட்டு வழிவந்தவர்கள் ஆர்க்னியை ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் மேட்டின் உச்சியை உடைத்து உள்ளே இறங்கியிருக்கிறார்கள். 1153-ஆம் ஆண்டு பனிப்புயலுக்கு ஒதுங்கிய ஹரால்ட் என்ற பிரபுவின் ஆட்களில் இரண்டு பேருக்கு இங்கே சித்தம் கலங்கிப்போனது என்று அவர்களுடைய பழைய வரலாற்றுக் கதை சொல்கிறது. உள்ளே இறங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ரூன் என்னும் கோட்டெழுத்துகளில் சுவரெல்லாம் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வாசகங்கள்!

என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் கோயில் மண்டபத்திலும் மலைக்கோட்டைப் பாறையிலும் நம் பையன்கள் எழுதுவதேதான். இன்னார் இதைச் செதுக்கினான் என்று தன் பெயர். இன்ன பெண்தான் எல்லோரிலும் அழகி என்று ஒருவன். கடலுக்கு மேற்கே தன்னைப்போல் ரூன் எழுதத் தெரிந்தவன் எவனுமில்லை என்று இன்னொருவன். இங்கிருந்த புதையலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வேறொருவன். மற்றபடி, ஒரு தூணில் சின்னதாக ஒரு விலங்கு. அதை டிராகன் என்கிறார்கள், சிங்கம் என்றும் சொல்கிறார்கள். அவ்வளவு அழகு. வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது கீறல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. என் மனைவி சிரித்துவிட்டாள். "பென்ச்சுல பேரு செதுக்குனதுக்கு எத்தனை பிள்ளைங்கள முட்டி போட வெச்சிருப்பீங்க" என்றாள். பதில் சொல்லவில்லை.

1861-இல் ஜேம்ஸ் ஃபாரர் என்பவர் மறுபடி உச்சியைத் தோண்டி உள்ளே இறங்கினார். அவருக்குக் கிடைத்த மனித எச்சம் ஒரு மண்டையோட்டுத் துண்டு மட்டும்தான். இன்றைக்கு மேலே தெரியும் வெள்ளைக் கூரை பிற்காலத்தில் போட்டது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே வந்ததும் சுற்றுவட்டாரத்தைப் பார்க்கப் போனோம். மேஸ்ஹவ் தனி மேடு அல்ல. ஒரு பெரிய ஊரின் ஒரு மூலை என்று சொல்லலாம்.

கிட்டத்திலேயே இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஸ்டென்னஸ் கற்கள். கி.மு. 3100 வாக்கில் நிறுத்தியவை. இன்று நான்கு நிற்கின்றன. பெரியது 5 மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் கத்தி மாதிரி மெல்லியது. வட்டத்தின் நடுவில் ஒரு பெரிய அடுப்பு. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ப்ராட்கர் வளையம். 104 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் ஒரு காலத்தில் 60 கற்கள் நின்றிருக்கின்றன. இப்போது பாதிக்கும் குறைவு. சுற்றியுள்ள அகழியைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். கல்லாலும் மான் கொம்பாலும் பாறையை வெட்டுவது எப்படி இருக்கும் என்று, கிணறு வெட்டும்போது கூடமாட நின்றவர்களுக்குப் புரியும்.

ஸ்டென்னஸ் பக்கத்தில் ஒடின் கல் என்று ஒன்று இருந்ததாம். நடுவில் துளையுள்ள கல். ஊர்க் காதலர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று அந்தத் துளை வழியே கைகோத்துச் சத்தியம் செய்வார்கள். செய்துவிட்டால் அது கல்யாணத்துக்குச் சமம். 1814 டிசம்பரில், அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த வெளியூர் விவசாயி ஒருவர், வேடிக்கை பார்க்க ஆட்கள் தன் நிலத்தில் நடமாடுவது பிடிக்காமல் அந்தக் கல்லை உடைத்துப் போட்டுவிட்டார். வட்டத்துக் கல்லையும் சாய்க்கத் தொடங்கினார். ஊர் கொதித்துவிட்டது. அவர் வீட்டுக்குத் தீ வைக்கவும் முயன்றிருக்கிறார்கள். மற்றவை தப்பின. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற கல் போவதற்கு ஒருவருடைய எரிச்சல் போதுமானதாக இருந்திருக்கிறது.

இரண்டு கல்வட்டங்களுக்கும் நடுவே நெஸ் ஆஃப் ப்ராட்கர் என்ற நிலத்துண்டு. 2003-இல் உழும்போது ஒரு பலகைக்கல் தட்டுப்பட்டது. தோண்டினால், சுவரும் சுவருமாக ஒரு பெரிய கட்டடத் தொகுதி. நிக் கார்ட் என்ற தொல்லியலாளரின் தலைமையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோடைதோறும் தோண்டினார்கள். சுவரில் வண்ணம் பூசிய கற்கள் கிடைத்தன. கல் ஓடு வேய்ந்த கூரையின் தடயம் கிடைத்தது. மிகப் பெரிய கட்டடத்தைக் கைவிட்ட காலத்தில் நூற்றுக்கணக்கான மாடுகளை அறுத்து விருந்து வைத்த எலும்புகள் கிடைத்தன. 2021-இல் ஒரு பானை ஓட்டில் அதை வனைந்தவரின் கைரேகையே கிடைத்தது!

நாங்கள் போனபோது அங்கே ஒன்றும் தெரியவில்லை. வெறும் நிலம். 2024-இல் எல்லாவற்றையும் திரும்ப மண் போட்டு மூடிவிட்டார்கள். "என்ன அநியாயம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைதான் விளக்கினார். இந்தக் கல் காற்றிலும் மழையிலும் கிடந்தால் ஏடு ஏடாக உரிந்துபோகுமாம். மண்ணுக்குள் இருந்ததால்தான் ஐயாயிரம் ஆண்டு தாங்கியது. இன்னும் நல்ல கருவிகளோடு வரப்போகிற தலைமுறைக்காக மூடிவைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் விதைநெல்லை மண்குதிருக்குள் போட்டு மூடி வைத்த மாதிரிதான்.

அன்று மாலை, பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருக்கும் ஸ்காரா ப்ரே போனோம். அதுவும் ஒரு காலத்தில் மணல் மேடாகக் கிடந்த இடம்தான். 1850-இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது சுவர்கள் வெளியே தெரிந்தன. எட்டு வீடுகளை இன்று பார்க்கலாம். கி.மு. 3180 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் மக்கள் வாழ்ந்த ஊர். குளிர் தாங்குவதற்காகக் குப்பை மேட்டுக்குள் வீட்டைப் புதைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நடுவில் அடுப்பு, இரண்டு பக்கமும் கல்லால் ஆன கட்டில், வாசலுக்கு நேர் எதிரே கல் அலமாரி. உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் அலமாரி! வீட்டில் இருக்கும் நல்ல சாமானை வருகிறவர்கள் பார்க்க வேண்டுமல்லவா? கழிவு நீர் போகக் கால்வாய் வேறு. மரம் கிடைக்காத ஊர் என்பதால் வீட்டுச் சாமானையே கல்லில் செய்தார்கள். அதனால்தான் அது நமக்கு மிஞ்சியது.

இந்த இடத்தை 1928 முதல் 1930 வரை தோண்டியவர் கார்டன் சைல்டு. 'புதிய கற்காலப் புரட்சி' என்று நம் பாடப் புத்தகத்தில் வருகிறதே, அந்தச் சொல்லாட்சியைப் பரப்பியவர் அவர்தான். அவ்வளவு பெரிய அறிஞர் 1931-இல் எழுதிய புத்தகத்தில் ஸ்காரா ப்ரேயை இரும்புக் காலத்துப் பிக்ட் இனத்தாரின் கிராமம் என்று கணித்தார். உண்மை வயதில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் குறைத்துவிட்டார். பானை ஓடுகளை ஒப்பிட்ட மற்ற அறிஞர்கள், இது இன்னும் பழையது என்றார்கள். 1970-களில் மீண்டும் தோண்டி ரேடியோகார்பன் முறையில் கணித்தபோது சந்தேகம் தீர்ந்தது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் இருக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்தது என்று ஓர் ஆய்வு வெளியானது. உடனே பலரும் அது ஆர்க்னியிலிருந்துதான் போயிருக்கும் என்றார்கள். அடுத்த சில வாரங்களிலேயே ஆர்க்னியின் பெரிய தீவிலுள்ள கற்களைச் சோதித்த இன்னோர் ஆய்வு, அந்தத் தீவிலிருந்து அல்ல என்று சொல்லிவிட்டது. சொன்னதைத் திருத்திக்கொள்வதில் அங்கே யாருக்கும் வெட்கமில்லை.

இப்போது என் திருத்தத்துக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பில் கற்காலப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் கரும்பலகையில் ஒரு படம் போடுவேன். இடுப்பில் இலை, கையில் உருட்டுக்கட்டை, பரட்டைத் தலை, திறந்த வாய். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடம் கலகலப்பாக நடக்கும். "இவனுக்கு ஒன்றும் தெரியாது, சாப்பிடவும் தூங்கவும்தான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். இரண்டுக்கும் ஒரே படத்தைத்தான் போட்டேன்.

ஒரு வருடம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அவங்களுக்கும் பேரு இருந்திருக்குமா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

மேஸ்ஹவ் இருட்டில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பையன்தான். புயலுக்கு ஒதுங்கியவர்களின் பெயரெல்லாம் சுவரில் இருக்கிறது. சுவரைக் கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

திரும்பும் நாள் கப்பலுக்கு நேரம் இருந்ததால் ஸ்ட்ராம்னஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்குள் ஒரு சிறு பொம்மை. ஸ்காரா ப்ரேயில் கிடைத்தது. திமிங்கில எலும்பில் செய்தது. உயரம் 9.5 சென்டிமீட்டர். என் உள்ளங்கைக்குள் அடங்கும். 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்து, பிறகு எங்கே போனதென்றே தெரியாமல், அதே அருங்காட்சியகத்தின் பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து 2016-இல் மறுபடி கிடைத்திருக்கிறது. அதற்கு இரண்டு கண், ஒரு வாய். யாரோ ஒருவர், யாரோ ஒருவருக்காக உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் வந்து, "அப்பா, கப்பலுக்கு நேரமாச்சு" என்று தோளைத் தொட்டாள்.

ஸ்காரா ப்ரேயைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். ஆர்க்னியின் இந்தத் தொன்மை இடங்களுக்கு 1999-இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. காலநிலை மாற்றத்தால் இவை மிகக் கடுமையான ஆபத்தில் இருப்பதாக 2019-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் போய்ப் பாருங்கள். மேஸ்ஹவ்வுக்கு முன்பதிவு கட்டாயம் வேண்டும். கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தக் கடைசி வரிசைப் பையனுக்கு. உனக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும், தம்பி. உன் பெயர் எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைக்கிறது. ஆமாம், அவர்களுக்குப் பெயர் இருந்திருக்கும். டிசம்பர் இருட்டில் அந்த வாசலில் நின்று ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். நீ கேட்டது நல்ல கேள்வி. நான் சொன்னது தப்பான பதில்.

இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் கீழே உன் பெயரை எழுது.